வேடமும் வாழ்வும்: திருப்பதி கங்கையம்மன் ஜாத்திரை முதல் நர்த்தகி நடராஜ் வரை

முன்னுரை

தென்னிந்திய நிகழ்கலை வரலாற்றில் ஆடவர் பெண்வேடம் பூண்டு ஆடுதல் நெடிய மரபாகும். கோயில் விழா, கூத்து, கலாபம், நாடகக் கம்பெனி எனப் பல களங்களிலும் அம்மரபு போற்றப்பட்டு வந்துள்ளது. இதனைச் சான்றாகக் கொண்டு, நம் சமுதாயம் திருநங்கையரை முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது என்று கூறுவார் உளர். அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சித்தூர், திருப்பதிப் பகுதியின் வேட மரபை முதலில் விளக்கி, அதன்பின் திருநங்கைக் கலைஞருள் முன்னோடியான நர்த்தகி நடராஜின் வாழ்வையும் கலைப்பணியையும் அதனோடு ஒப்பிட்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. பெண்குரலில் பாடுதல், பெண்வேடம் பூணுதல், பெண்ணாக வாழ்தல் ஆகிய மூன்றும் வேறுவேறு நிலைகள் என்பது இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

நிலப்பின்னணி

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு, வடஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு ஆட்சி எல்லைகள் பலமுறை மாறிய இந்நிலப்பகுதியில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்குகின்றன. ஆழ்வார்கள் தமிழில் பாடிய திருவேங்கடத்தை, தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் பதினைந்தாம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடினார். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும் ஊர்கள் இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் உள்ளன. சித்தூர் நாடகச் சபைகளில் பயின்று, அவ்வூர்ப் பெயரையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்ற நாகையா, பின்னர் தமிழ், தெலுங்குத் திரைப்படங்கள் இரண்டிலும் புகழ்பெற்றமை இவ்விருமொழிச் சூழலுக்கு நல்ல சான்றாகும்.

கங்கையம்மன் ஜாத்திரை: நேர்ச்சையாகிய வேடம்

திருப்பதித் தாத்தய்யகுண்டக் கங்கையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் ஒரு வாரம் ஜாத்திரை நடைபெறுகிறது. கங்கையம்மனைத் திருவேங்கடமுடையானின் தங்கை என்று மக்கள் வழங்குவர். ஜாத்திரைக்குத் திருமலைக் கோயிலிலிருந்து சீர் அனுப்பப்படுவதும் வழக்கம்.

இவ்விழாவின் அடிப்படைக் கதை வருமாறு: ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களுக்குக் கொடுமை செய்து வந்தான். அவிலாலா என்னும் ஊரில் தோன்றி, கைகால குடும்பத்தில் வளர்ந்த கங்கையம்மன் மீதும் அவன் கைவைக்கத் துணிந்தான். அவள் தன் பேருருவைக் காட்டினாள். அஞ்சி ஓடி ஒளிந்த அவனைத் தேடி அவள் நாளொரு வேடம் பூண்டு தெருத்தெருவாகத் திரிந்தாள். இறுதியில் அவள் ‘தொர’ எனப்படும் தலைவனின் வேடத்தில் வந்தபோது, தன்னையொத்த தலைவன் ஒருவன் வந்துள்ளான் என நம்பி அவன் வெளிப்பட்டான். அவள் அவன் தலையைக் கொய்தாள்.

பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி, சுண்ணாம்புக் குண்டம் முதலிய வேடங்கள் இக்கதையைப் பின்பற்றி ஜாத்திரையில் பூணப்படுகின்றன. அம்மனின் வேடங்களைத் தாங்கும் உரிமை கைகால மரபினர்க்கு உரியது. நெசவு மரபினராகிய இவர்களின் பெயர், தமிழகத்துக் கைக்கோளர் பெயரோடு ஒப்புநோக்கத்தக்கது. ‘தொர’ வேடத்தில் நுட்பம் ஒன்று உள்ளது. வேடம் தாங்குபவர் ஆடவர். அவர் அம்மனாகிறார். அந்த அம்மன் ஆண்தலைவனாக வேடம் பூண்டு வருகிறாள். ஆணுக்குள் பெண்ணும், அப்பெண்ணுக்குள் ஆணுமாக இங்கு வேடம் அடுக்கடுக்காக அமைகிறது.

மரபுரிமை உடையோரேயன்றி ஊரின் பொதுமக்களும் வேடம் பூணுகின்றனர். நேர்ந்துகொண்ட ஆடவர் சேலை உடுத்து, பூச்சூடி, நகையணிந்து கோயிலை வலம்வருவர். சிறுவர்க்குத் தாய்மாரும் அக்காமாரும் சேலை கட்டிவிடுவர். இதனைக் கண்டு ஊரார் எள்ளுவதில்லை. நேர்ச்சை நிறைவேறிற்று என்று மகிழ்வர். இவ்விழாவைப் பல்லாண்டு கள ஆய்வு செய்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலில், ஜாத்திரைக் காலத்தில் உலகமே பெண்ணாகிறது என்னும் கருத்தை முன்வைக்கிறார். பெண்ணை நெருங்கத்தகாத முறையில் நெருங்கிய ஆண்மையின் வன்மை, பெண்ணுருவால் தணிக்கப்படுகிறது என்பதை இவ்விழாவின் உட்பொருளாகக் கொள்ளலாம். 2024இல் வெளிவந்த ‘புஷ்பா 2’ திரைப்படத்தில் கதைத்தலைவன் சேலையுடுத்து ஜாத்திரையில் ஆடும் காட்சியால் இவ்வழக்கம் நாடெங்கும் அறிமுகமாயிற்று.

எனினும், இவ்வேடத்திற்கு ஒரு கால எல்லை உண்டு. ஜாத்திரையின் முடிவில் களிமண்ணால் அமைக்கப்படும் அம்மனின் விசுவரூபம் சிதைக்கப்பட்டு, அம்மண் மக்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படும். ஆடவர் சேலையைக் களைந்து தத்தம் தொழிலுக்குத் திரும்புவர். களையப்படும் என்னும் உறுதியே இவ்வேடத்திற்கு ஊரார் தரும் மதிப்பிற்கு அடிப்படையாகிறது.

கலாபமும் நாடகமும்: தொழிலாகிய வேடம்

ஆந்திரத்தின் கிருஷ்ணை ஆற்றுப் பகுதியில் அமைந்த கூச்சிப்பூடியில் பெண்வேடம் குலக்கலையாக வளர்ந்தது. சித்தேந்திர யோகியின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் பாமாகலாபத்தில், அவ்வூர் அந்தண ஆடவர் ஒவ்வொருவரும் வாழ்வில் ஒருமுறையேனும் சத்தியபாமை வேடம் பூணவேண்டும் என்பது மரபு. அவ்வேடத்தில் நிகரற்று விளங்கியவர் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா. அவர் 1961இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தெலுங்கு நாடக மேடையில் ஸ்தானம் நரசிம்மராவ் மதுரவாணி, சத்தியபாமை முதலிய பாத்திரங்களால் புகழ்பெற்று 1956இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்விருவரையும் கண்டோர், பெண்களே அவர்களைப் பார்த்து நடையுடை பயின்றனர் என்று வியந்து கூறுவர்.

தமிழ் மேடையிலும் இந்நிலையே காணப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையும், அதன் வழிவந்த சிறுவர் நாடகக் குழுக்களும் சிறுவரைக் கொண்டே பெண்பாத்திரங்களை நடத்தின. ஒளவையார் வேடத்தால் ‘ஒளவை’ என்னும் அடைபெற்ற டி.கே. சண்முகம் இம்மரபில் வந்தவர். சிவாஜி கணேசனும் தம் இளமைக்கால நாடகங்களில் பெண்வேடம் ஏற்றவர். குரல் உடைந்ததும் சிறுவர் ஆண்பாத்திரங்களுக்கு மாறினர். ஆதலின் பெண்வேடம் அங்கு ஒரு பருவமாக இருந்தது எனலாம்.

கூச்சிப்பூடிப் பெண்வேடத்தை ஆராய்ந்த ஹர்ஷிதா முருதிண்டி காமத், 2019இல் வெளியான தம் நூலில், பெண்வேடம் அந்தண ஆடவரின் ஆண்மையையும் குல மதிப்பையும் குறைக்கவில்லை, மாறாக அவற்றை நிலைநிறுத்தவே பயன்பட்டது என்பதை விளக்குகிறார். வேடம் எத்துணைச் சிறந்ததோ அத்துணை அதன் உள்ளிருக்கும் ஆணின் திறன் போற்றப்பட்டது. பெண்ணாக ஆடுவது திறனாகவும், பெண்ணாக வாழ்வது இழிவாகவும் கருதப்பட்டமை இதனால் தெளிவாகிறது.

தமிழ் இலக்கியத்தில் பேடு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையுள் அடக்கி, அவற்றிற்கெனத் தனி ஈறு இன்மையையும் சுட்டுகிறது. இலக்கணம் அவரை மக்களுள் வைத்தமை இவண் நோக்கத்தக்கது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் கூறப்படும் பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்று. வாணனுடைய நகரில் சிறைப்பட்டிருந்த தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடியுருவில் ஆடியது அது. அதனை ஆடுபவள் மாதவி. பெண்ணாகிய மாதவி, ஆணாகிய காமனாகி, அக்காமன் பேடியாகும் இவ்வமைப்பு, திருப்பதித் ‘தொர’ வேடத்தோடு ஒத்த கட்டமைப்பு உடையது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையும், புகார் நகரத் தெருவில் பேடிக்கோலத்தில் ஆடுவோரைச் சூழ்ந்து நின்று மக்கள் கண்ட காட்சியைக் காட்டுகிறது.

இச்சான்றுகள் யாவும் பேட்டைக் கலையாக ஏற்ற சமுதாயத்தைக் காட்டுகின்றன. ஆயினும் காமன் தன் பணி முடிந்ததும் மீண்டும் காமனே ஆகிறான். பேடாகவே வாழ்ந்தவர் ஒருவரின் கலை வரலாறு நம் இலக்கியத்தில் பதிவாகவில்லை.

சட்டமும் மேடையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வேறுபாடு சட்ட வடிவம் பெற்றது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அலிகள் எனப் பதிவு செய்யப்பட்டோர் பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவதையும், ஆடுவதையும், இசைப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இது வடமேற்கு மாகாணங்களில் முதன்மையாகச் செயற்படுத்தப்பட்டது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியிலும் 1919ஐ ஒட்டி இதனையொத்த சட்டம் இயற்றப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் இருந்த அதனை 2023இல்தான் தெலங்கானா உயர்நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என நீக்கியது. தெலுங்கு நாட்டின் ஒரு பகுதியில் பெண்வேட நடிகர் விருது பெற்ற காலத்திலேயே, மற்றொரு பகுதியில் பெண்ணுடை அணிந்து தெருவில் ஆடும் திருநங்கையைத் தண்டிக்கும் சட்டம் நீக்கப்படாமல் இருந்தது. இவ்வொரு செய்தியே வேடத்திற்கும் வாழ்விற்கும் இடையிலான தொலைவை அளந்து காட்டப் போதுமானது.

மேடையிலும் அவர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் குறுகியதே. ஊர்த்திருவிழாக்களில் கரகாட்டம், குறவன் குறத்தி ஆட்டம், ரெக்கார்டு டான்ஸ் முதலியவற்றில் திருநங்கையர் ஆடி வந்துள்ளனர். அவற்றில் கைத்தட்டலும் ஏளனமும் ஒருங்கே கிடைத்தன. மேலைநாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பாரிஸ் நகரில் 1950களில் ‘மேடம் ஆர்த்தர்’, ‘லெ காருசெல்’ ஆகிய கேபரே அரங்குகளில் ஆடிப் புகழ்பெற்ற கொக்சினெல் என்பவர், 1958இல் காசாபிளாங்கா நகரில் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாக வாழ்ந்து 2006இல் மறைந்தார். அமெரிக்காவில் கிறிஸ்டின் ஜோர்கென்சனும் 1953 முதல் இரவு விடுதி அரங்குகளிலேயே பாடி ஆடினார். வேறெந்த வாயிலும் திறவாத காலத்தில் கேபரே அவர்களுக்கு வாழ்வளித்தது. அதே வேளையில் அவர்களை வியப்புப் பொருளாகவும் நிறுத்தியது. திருவிழாப் பந்தலும் பாரிஸ் கேபரேயும் இவ்வகையில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் மக்கள் கலையைக் காண்பதற்கு முன்னே உடலைக் கண்டனர். இந்நிலையை மாற்ற, உடலைப் பற்றிய ஆர்வத்தைக் கலையின் இலக்கணத்தால் கடக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

நர்த்தகி நடராஜ்: வாழ்வும் பயிற்சியும்

நர்த்தகி நடராஜ் மதுரை அனுப்பானடியில் பிறந்தவர். இளமையிலேயே தம்முள் பெண்மையை உணர்ந்தவர். அதனால் வீட்டிலும் பள்ளியிலும் புறக்கணிப்பிற்கு ஆளானார். தம்மைப் போன்றே உணர்ந்த தோழி சக்தி பாஸ்கர் அவருக்கு உற்ற துணையானார். இருவரும் இளம்பருவத்திலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்நாள் தொடங்கி இன்றுவரை அத்துணை நீங்கவில்லை.

நடனத்தில் அவருக்கு வழிகாட்டியது திரைப்படமே. வைஜயந்திமாலாவின் நடனத்தைத் திரையில் கண்டு தாமே ஆடிப் பழகினார். வைஜயந்திமாலாவின் ஆசிரியர் தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை என்பதை அறிந்து அவரிடமே பயில வேண்டும் என உறுதிகொண்டார். கிட்டப்பா பிள்ளை, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு எனப்படும் தஞ்சை நால்வர் மரபினர். பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த நால்வரின் உருப்படிகளைக் காத்து வந்த குடும்பத்தின் வழித்தோன்றல். ஓராண்டுக் காலம் காத்திருந்த பின்னரே நர்த்தகியை அவர் மாணவியாக ஏற்றார். 1984இல் தொடங்கிய குருகுலப் பயிற்சி, கிட்டப்பா பிள்ளை 1999இல் மறையும்வரை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. நர்த்தகி என்னும் பெயரும் ஆசிரியர் இட்டதே.

இவ்வேற்பின் பொருளை வரலாற்றில் வைத்து உணர வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டும் கொடுமை நீங்கியது பெரும் நன்மை. ஆனால் அச்சீர்திருத்தக் காலத்தில் இசைவேளாளர் குலத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக, அவர்தம் கலை வேறு குலத்தார் கைக்கு மாறியது. நட்டுவனார் ஆசிரியராக எஞ்சினர். தம் குலப் பெண்கள் இழிவுரைக்கு ஆளானதைக் கண்ட மரபில் வந்த ஆசிரியர், சமுதாயம் இழிவுரைத்த மற்றொருவர்க்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். அவர் கருதியது இதுதான் என்று கூறச் சான்றில்லை. ஆயினும் வரலாற்று நோக்கில் இரு புறக்கணிப்புகள் ஒரு நட்டுவாங்கத் தாளத்தில் சந்தித்தன என்பது மிகையாகாது.

நாயகி பாவமும் அதன் புதுப்பொருளும்

நர்த்தகி தஞ்சை மரபின் நாயகி பாவத்தில் தனிச்சிறப்பு உடையவர். தமிழ் இலக்கியப் பகுதிகளை நடன உருப்படிகளாக அமைப்பதிலும் ஈடுபாடு கொண்டவர். நாயகி பாவம் என்பது இறைவனைத் தலைவனாகவும் தன்னைத் தலைவியாகவும் கொண்டு பாடும் நிலை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். அவ்விருவரும் திருவேங்கடத்தைப் பாடியவர்கள். அன்னமாச்சாரியாரும் சிருங்காரக் கீர்த்தனைகளில் நாயகியின் குரலில் பேசினார். அக்கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் பாதுகாக்கப்பட்டன. ஆண் ஒருவர் பெண்ணின் நெஞ்சோடு பாடியதை இவ்வளவு போற்றிக் காத்த இடம் பிறிதொன்று அரிது.

இம்மரபில் பெண்மை குரலாக நிற்கிறது. கங்கையம்மன் ஜாத்திரையில் அது உடையாக நிற்கிறது. கூச்சிப்பூடியில் தொழிலாக நிற்கிறது. நர்த்தகியிடம்தான் அது வாழ்வாகவும் நிற்கிறது. மேடையில் தலைவியாக ஏங்கும் அவர், மேடையை விட்டு இறங்கியபின் களைய வேண்டிய பெண்மை ஏதுமில்லை. ஆகவே அவருடைய நாயகி பாவத்தைப் பெண்வேட மரபின் தொடர்ச்சியாகக் கொள்வது பிழையாகும். அவர் பெண்வேடக் கலைஞர் அல்லர். பரதநாட்டியப் பெண் கலைஞர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் விமரிசனம், போற்றுவதுபோலத் தோன்றினும், அவரை மீண்டும் வேடத்திற்குள் தள்ளுகிறது.

விருதுகள் உணர்த்தும் காலவரிசை

நர்த்தகி 2007இல் தமிழக அரசின் கலைமாமணி விருதும், 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் பெற்றார். 2019இல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை என்னும் சிறப்பு அவர்க்குக் கிட்டியது. 2021இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அவர் வரலாறு பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. கர்நாடகத்தின் ஜோகத்தி ஆட்டக் கலைஞரான திருநங்கை மஞ்சம்மா ஜோகத்தி 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பெண்வேடம் பூண்ட ஆடவர் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற 1961க்கும், நர்த்தகி அவ்விருது பெற்ற 2011க்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். பத்மஸ்ரீயைப் பொறுத்தவரை 1956க்கும் 2019க்கும் இடையே அறுபத்து மூன்று ஆண்டுகள். இவ்விடைவெளி கலைத்திறனின் இடைவெளி அன்று. இக்காலத்திற்குள் சட்டமும் சமுதாயமும் மாற வேண்டியிருந்தது. தமிழகத்தில் 2008இல் அரவானிகள் நலவாரியம் அமைந்தது. ‘திருநங்கை’ என்னும் மதிப்புமிக்க சொல் வழக்கிற்கு வந்தது. அச்சொல்லாக்கத்தோடு நர்த்தகியின் பெயரும் இணைத்துக் கூறப்படுகிறது. 2014இல் உச்சநீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. 2019இல் நடுவணரசின் சட்டம் வந்தது. இவற்றின் ஊடே வைத்துப் பார்க்கும்போதே நர்த்தகியின் விருதுகள் முழுப்பொருள் பெறுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. சித்தூர், திருப்பதிப் பகுதியின் வேட மரபும், கூச்சிப்பூடி, தமிழ் நாடக மரபுகளும் பெண்மையை உயர்வாக மதித்தன என்பதில் ஐயமில்லை. அம்மதிப்பு, களையக்கூடிய வேடத்திற்கு உரியதாகவே இருந்தது. களைய இயலாத பெண்மையோடு வாழ்ந்தோர்க்கு அது நீட்டிக்கப்படவில்லை. ஆகவே பழைய மரபைத் திருநங்கையர் ஏற்பிற்கு நேர்ச்சான்றாகக் காட்டுவது, அவர்கள் பட்ட இன்னலை மறைப்பதாகவே முடியும்.

அதே வேளையில் அம்மரபு பயனற்றது என ஒதுக்குவதும் பொருந்தாது. நாயகி பாவமும், தஞ்சை நால்வர் உருப்படிகளும், இலக்கியத்தின் பேட்டாடலும் இல்லையேல், நர்த்தகி தம் வாழ்வை மொழிவதற்குரிய கலைமொழி கிடைத்திராது. மரபு தந்த மொழியைக் கொண்டே மரபு மறுத்த ஒன்றை அவர் கூறினார். அதனால்தான் அவரை முன்னோடி என்கிறோம்.

ஜாத்திரை முடிந்து சேலையைக் களையும் ஆடவர், ஒரு வாரம் தாம் பெற்ற மதிப்பை, ஆண்டு முழுதும் சேலையோடு அதே தெருவில் நடப்பவர்க்கும் அளிக்கின்றனரா என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. ஊர்த்திருவிழாக்களிலும் ஆட்டக் குழுக்களிலும் பெயரறியப்படாமல் ஆடி மறைந்த திருநங்கைக் கலைஞரின் வாழ்வைக் கள ஆய்வின் வழித் திரட்டுதல் தமிழ், தெலுங்குத் துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். முதிய கலைஞர் உயிரோடிருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.